கண்ணாடியை எடுத்து வைத்தவர்

ஹிட்லருக்கு வெள்ளெழுத்து இருந்தது. நாற்பதைத் தாண்டினால் பலருக்கும் வருவதுதான். ஒரு கண்ணாடியோடு தீர்கிற சங்கதி. ஆனால் ஊரறிய அவர் அதைப் போட்டுக்கொள்ள மாட்டார். கண்ணாடியோடு இருக்கும் படம் எதுவும் பத்திரிகையில் வந்துவிடக் கூடாது என்று கண்டிப்பு வேறு. மேடைப் பேச்சை அடிப்பதற்கென்றே மிகப் பெரிய எழுத்துகள் கொண்ட தட்டச்சுப் பொறி வைத்திருந்தார்கள். அதில் அடித்தால் ஒரு தாளில் கொஞ்ச வரிதான் கொள்ளும். கூட்டம் முடிந்து அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் கண்ணாடி வேண்டும். அது கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று உடைந்தால் மாற்று தயாராக இருக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தார்.

ஹைன்ஸ் லிங்கே என்பது அவர் பெயர். 1913-இல் ப்ரேமன் நகரில் பிறந்தவர், கொத்தனார் வேலை பார்த்தவர். 1933-இல் ஹிட்லரின் மெய்க்காவல் படையில் சேர்ந்தார். 1935 ஜனவரியில் ஹிட்லரின் வீட்டுப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மியூனிக்கை ஒட்டிய பாசிங்கில் இருந்த பணியாளர் பள்ளிக்கு அனுப்பி, மேசை பரிமாறுவதிலிருந்து உடுப்பு பராமரிப்பது வரை கற்றுக்கொடுத்தார்கள். 1939 செப்டம்பரில், போலந்துப் போர் நடந்துகொண்டிருக்கும்போது, ஹிட்லரின் முதன்மைத் தனிப் பணியாளர் ஆனார். அன்று தொடங்கி 1945 ஏப்ரல் 30 பிற்பகல் வரை கூடவே இருந்தார்.

அந்த இடம் அவருக்குக் கிடைத்ததே ஒரு பாட்டில் தண்ணீரால்தான். முன்பு அந்தப் பதவியில் இருந்தவர் கார்ல் கிரவுஸ, கடற்படைக்காரர். ஹிட்லர் குடிப்பது ஃபாகிங்கர் என்னும் ஒரே வகைக் கனிம நீர். போர்முனைப் பயணத்தில் அது தீர்ந்துபோக, கிரவுஸ வேறு தண்ணீரைக் கொடுத்துவிட்டு ‘ஃபாகிங்கர்தான்’ என்று சொல்லிவிட்டார். முதல் வாயிலேயே தெரிந்துபோயிற்று, வேலையும் போயிற்று. வேறு தண்ணீர் கொடுத்ததைக்கூட மன்னித்திருக்கலாம். விஷ பயம் உள்ள ஒருவரிடம் பாட்டிலைப் பற்றிப் பொய் சொன்னதுதான் பெரிய குற்றம்.

இப்போது நிதானமாகப் பேசவேண்டிய விஷயத்துக்கு வருவோம். சர்வாதிகாரியின் படுக்கையறை வாசலில் பத்தாண்டு நின்ற ஒருவர் சொல்வதில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது? லிங்கே போன்றவர்களின் நினைவுக் குறிப்புகள் உலகம் முழுக்க விற்கின்றன. ‘அருகில் இருந்து பார்த்தவர்’ என்று அட்டையில் போட்டால் போதும், கை நீளும். நம் ஊர்ப் புத்தகக் கடைகளிலும் ஹிட்லர் புத்தகத்துக்குக் கிராக்கி குறைவதில்லை. சைவம், நாய்ப் பிரியம், மது தொடாதவர் என்ற துணுக்குகள் அதில் தவறாமல் இருக்கும். அந்தத் துணுக்குகளில் கணிசமானவை இப்படிப்பட்ட பணியாளர்கள் வழியாக வந்தவைதான். அவற்றில் பெரும்பாலானவை உண்மையும்கூட. சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

முதலில் வேலையைப் பார்ப்போம். ஹிட்லர் தாமதமாக எழுபவர். விடிகாலை இரண்டு, மூன்று, சில நாள் நான்கு மணிக்குத் தூங்கப் போவார். எழுவது முன்பகல் பத்து, பதினொன்றுக்கு. அதற்குள் செய்தித்தாள்களும் செய்தி நிறுவனத் தாள்களும் அறை வாசலில் வந்திருக்க வேண்டும். குறித்த நேரத்தில் பணியாள் கதவைத் தட்டி நேரம் சொல்வார். சவரம் ஹிட்லரே செய்துகொள்வார், உடுத்துவதும் தானாகத்தான். தன் உடம்பை யாரும் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. லிங்கே சொல்லும் ஒரு காட்சி வினோதமானது: உடுப்பு மாற்றுவதையே பந்தயமாக்கி, பணியாள் கையில் நேரம் பார்க்கும் கடிகாரத்தோடு நிற்க, எத்தனை சீக்கிரம் முடிக்கிறோம் என்று ஹிட்லர் தன்னையே சோதித்துப் பார்ப்பாராம். அரைக் கண்டத்தைப் பிடித்து வைத்திருந்தவர் காலையில் கால்சட்டைக்கு நேரம் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதை நான் முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். சிரிப்பு வருகிற இடத்தில் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது.

பிறகு சிற்றுண்டி, நண்பகல் போர்நிலைக் கூட்டம், நேரம் தவறிய மதிய உணவு, மாலைக் கூட்டம், அதன்பின் இரவுத் தேநீர். பவேரிய மலையில் பெர்க்ஹோஃப் மாளிகையில் இருந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சற்றுத் தூரம் நடந்து, மரங்களுக்கு நடுவே ஒரு தேநீர் இல்லத்துக்குப் போவது வழக்கம். அங்கே கேக் உண்டு, அரட்டை உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே ஹிட்லர் நாற்காலியில் கண்ணயர்ந்துவிடுவார். மற்றவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேச்சைத் தொடர்வார்கள். கிழக்குப் பிரஷ்யக் காட்டுக்குள் ‘ஓநாய்க் கோட்டை’ தலைமையகத்தில் இருந்தால் இரவுத் தேநீர்தான் முக்கியம். செயலாளர்கள், மருத்துவர், உதவியாளர்கள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் பேசுவார். இளமைக்கால வியன்னா, நாய் வளர்ப்பு, கட்டடக் கலை, புகைப்பழக்கத்தின் கேடு. ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை சரணடைந்த 1943 பிப்ரவரிக்குப் பிறகு அந்த இரவுகளில் இசைத்தட்டு ஒலிப்பதும் நின்றுபோனது என்கிறார்கள் உடனிருந்தவர்கள்.

இந்த நேர அட்டவணை வீட்டு விவகாரம்போலத் தெரியும். ஆனால் இரவெல்லாம் விழித்திருக்கும் தலைவனைச் சுற்றி ஓர் அரசே தன் கடிகாரத்தை மாற்றி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1944 ஜூன் 6 விடியலில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கின. ஹிட்லர் அப்போது பெர்க்ஹோஃபில் தூங்கிக்கொண்டிருந்தார். மேற்கு முனைத் தளபதி ருண்ட்ஸ்டெட் பின்னணியில் ஒதுக்கி வைத்திருந்த கவசப் படைப் பிரிவுகளை நகர்த்த அனுமதி கேட்டார். அந்தப் பிரிவுகளை ஹிட்லரின் உத்தரவு இல்லாமல் தொட முடியாது; ஹிட்லரையோ எழுப்ப யாருக்கும் துணிவில்லை. இது உறுதியான தாக்குதலா, திசை திருப்பும் தந்திரமா என்ற சந்தேகமும் மேலிடத்தில் இருந்தது. அனுமதி பிற்பகலில்தான் கிடைத்தது. முன்பே கிடைத்திருந்தால் போரின் போக்கு மாறியிருக்குமா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. வானம் முழுக்க எதிரியின் விமானங்களாக இருக்கும்போது டாங்குகள் பகலில் எப்படிப் போயிருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. அது நியாயமான கேள்விதான். ஆனால் கதவுக்கு வெளியே நின்றவர்கள் ஏன் தட்டவில்லை என்பதற்கு, வீட்டு நடைமுறையைப் படித்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

எதிர் முகாமிலும் இதே கதை நடந்தது, ஒன்பது ஆண்டு கழித்து. 1953 மார்ச் 1 அன்று மாஸ்கோ புறநகர் வீட்டில் ஸ்டாலின் வழக்கமான நேரத்துக்கு அறையைவிட்டு வெளியே வரவில்லை. கூப்பிடாமல் உள்ளே போகக் கூடாது என்பது விதி. காவலர்களும் பணியாளர்களும் பகல் முழுக்கக் காத்திருந்தார்கள். இரவில் தபாலைச் சாக்காக வைத்து ஒருவர் உள்ளே போனபோது ஸ்டாலின் பக்கவாதம் தாக்கித் தரையில் கிடந்தார். மருத்துவர்கள் வந்தது மறுநாள் காலையில். உயிர் போனது மார்ச் 5-இல். அவருடைய வீட்டைப் பார்த்துக்கொண்ட வாலென்டினா இஸ்தோமினா உடலின் அருகே மண்டியிட்டு, ஊரில் பெண்கள் ஒப்பாரி வைப்பதுபோல வாய்விட்டு அழுததை மகள் ஸ்வெத்லானா பதிவு செய்திருக்கிறார். அந்த அழுகையில் நடிப்பு எதுவும் இருந்திருக்காது.

இத்தாலியில் பணியாளின் வேலை இன்னொரு விதம். முசோலினியின் வாசல் காப்பாளர் குவிந்தோ நவார்ரா. ரோமில் வெனேசியா மாளிகையில் முசோலினியின் அலுவலக அறை விளக்கை இரவில் அணைக்காமல் விட்டுவைப்பார்கள். கீழே சதுக்கத்தில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து ‘தலைவர் இன்னும் உழைக்கிறார்’ என்று நினைத்துக்கொள்வார்கள். தலைவர் அதற்கு வெகு நேரம் முன்பே வீட்டுக்குப் போயிருப்பார். நவார்ராவின் பெயரில் 1946-இல் வெளிவந்த நினைவுக் குறிப்பு அந்தக் காலத்தில் பரபரப்பாகப் பேசப்பட்டது. அதை உண்மையில் எழுதியவர்கள் லியோ லொங்கனேசி, இந்த்ரோ மொந்தனெல்லி என்ற இரண்டு தேர்ந்த பத்திரிகையாளர்கள். பணியாளின் புத்தகம் என்று கையில் எடுக்கும்போது பேனா யார் கையில் இருந்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

விளக்கை எரிய விடுவது, கண்ணாடியை ஒளித்து வைப்பது, நடுங்கும் கையை மறைக்க உதவுவது எல்லாம் ஒரே வேலையின் பல முகங்கள். ஹிட்லரின் இடது கை நடுக்கம் போரின் பிற்பகுதியில் வெளிப்படையாகவே தெரிய ஆரம்பித்தது. 1945 மார்ச்சில் பெர்லினில் சிறுவர் படையினருக்குப் பதக்கம் கொடுக்கும் செய்திப்படம் ஒன்று இருக்கிறது. அவர் வலது கையால் ஒரு பையனின் கன்னத்தைத் தட்டுகிறார். முதுகுக்குப் பின்னால் மடித்து வைத்த இடது கை, பிடித்து வைத்தும் அடங்காமல் துடிக்கிறது. பார்க்கின்சன் நோய் என்பது பின்னாளில் பல நரம்பியல் மருத்துவர்களின் கணிப்பு. மக்கள் கண்ணில் இது படாமல் பார்த்துக்கொண்டது திரைப்படத் தணிக்கையாளர்கள் மட்டும் இல்லை. எந்த மேசை எந்த உயரம், எந்தக் கையில் எதைக் கொடுப்பது, எந்த நாற்காலியை எங்கே போடுவது என்பதெல்லாம் வீட்டு ஆட்களின் கணக்கிலும் இருந்தது.

மாத்திரைப் பெட்டியும் அவர்கள் கணக்குதான். தனி மருத்துவர் மொரெல் ஊசி போடுவதில் சளைக்காதவர். வாயுத் தொல்லைக்கு அவர் கொடுத்த மாத்திரைகளில் சிறிதளவு ஸ்ட்ரிக்னைன், அதாவது எட்டிக்கொட்டையில் உள்ள நஞ்சு, இருந்தது. 1944 இலையுதிர் காலத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவர் கீசிங் ஹிட்லரின் காலை உணவுத் தட்டில் அந்த மாத்திரைகளைப் பார்த்துவிட்டு விசாரிக்க, அவற்றை வைத்திருந்து கொடுப்பது லிங்கே என்று தெரியவந்தது. தலைவருக்கு மெல்ல நஞ்சு ஏற்றப்படுகிறது என்று மற்ற மருத்துவர்கள் புகார் கிளப்பினார்கள். முடிவில் மொரெல் இருந்த இடத்திலேயே இருந்தார். புகார் சொன்ன பக்கத்தில் நின்ற பிராண்ட், ஹாசல்பாக், கீசிங் மூவரும் வெளியேற்றப்பட்டார்கள். இந்த மாதிரி விவகாரங்களில் லிங்கேயின் சாட்சியம் தங்கம். எத்தனை மாத்திரை, எந்தக் கை, எத்தனை மணிக்குத் தூக்கம், யார் வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார் என்பதில் அவர் பொய் சொல்லக் காரணம் கிடையாது. அந்த விவரங்களில் தவறாமல் இருப்பதற்காகத்தான் அவருக்குச் சம்பளமே.

அடுத்து, மரியாதையின் கதை. ஹிட்லர் தன் செயலாளர்களிடம் குரல் உயர்த்தாமல் பேசுவார், பெண்களின் கையில் முத்தமிடுவார், வேலை செய்பவர்களின் குடும்ப நலம் கேட்பார், பிறந்தநாள் பரிசு கொடுப்பார். லிங்கேயும் சொல்கிறார், செயலாளர் ட்ராவ்டில் யுங்கேவும் சொல்கிறார், இன்னும் பலர் சொல்கிறார்கள். இத்தனை பேர் கூடிப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அப்படியானால் இதை என்ன செய்வது? பலரும் இங்கே வழுக்கி விழுகிறார்கள்: ‘அவருக்கும் ஒரு மனித முகம் இருந்திருக்கிறது பாருங்கள்’ என்பார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. தண்ணீரைக் கொண்டு வருபவன், மாத்திரையை எண்ணிக் கொடுப்பவன், தூங்கும்போது கதவுக்கு வெளியே நிற்பவன். இவர்களிடம் எந்தக் கொடுங்கோலனும் இதமாகத்தான் இருப்பான். அவன் உயிர் அவர்கள் கையில் இருக்கிறது. கிரவுஸ விஷயத்தில் அந்த இதம் எவ்வளவு தூரம் போயிற்று என்பதையும் பார்த்தோம். வீட்டுக்குள் காட்டிய பண்பு, வெளியே செய்ததற்கு எதிர்ச்சான்று ஆகாது. இரண்டும் ஒரே நாளில், ஒரே ஆளால் நடந்தவை.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. லிங்கே நம் கற்பனையில் வரும் எளிய எடுபிடி கிடையாது. அவர் நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்.எஸ். அமைப்பின் அதிகாரி. கடைசியில் ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னலுக்கு நிகரான பதவியில் இருந்தார், ஹிட்லரின் வீட்டுப் பணியாளர்கள் அனைவரும் அவர் பொறுப்பில் இருந்தார்கள். விதியின் கையில் அகப்பட்ட ஏழைக் கொத்தனாராக அவரைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

1944 ஜூலை 20-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஓநாய்க் கோட்டையில் நண்பகல் கூட்டத்தில் ராணுவ அதிகாரி ஸ்டவுஃபன்பெர்க் வைத்த குண்டு 12.42-க்கு வெடித்தது. நான்கு பேர் இறந்தார்கள், ஹிட்லர் பிழைத்தார். கால்சட்டை நார் நாராகக் கிழிந்து தொங்க வெளியே வந்தவருக்கு மாற்றுடை கொடுத்தது லிங்கே. அன்று பிற்பகல் முசோலினி ரயிலில் வருவதாக இருந்தது. குண்டு வெடித்த சில மணி நேரத்தில் ஹிட்லர் புது உடுப்பில், அடிபட்ட வலது கையைத் தொங்கவிட்டு, இடது கையை நீட்டி விருந்தாளியை வரவேற்றார். கிழிந்த உடுப்பைக் காதலி ஏவா பிரவுனுக்கு அனுப்பி வைத்தார். ஒரு பணியாளின் கண்ணுக்கு அன்றைய நாள் இப்படித்தான் தெரியும்: எந்த உடை கிழிந்தது, எது மாற்றப்பட்டது, ரயில் எத்தனை மணிக்கு. அந்த வார முடிவுக்குள் தொடங்கிய கைதுகளும், மக்கள் நீதிமன்றத்தில் நடந்த அவமானப்படுத்தலும், இறைச்சிக் கொக்கிகளிலிருந்து மனிதர்கள் தொங்கவிடப்பட்டதும் வேறொரு கட்டடத்தில், வேறு யாருடைய பொறுப்பிலோ நடந்தன.

‘எங்களுக்கு எதுவும் தெரியாது’ என்ற வாக்கியம் இப்படித்தான் உருவாகிறது. அதை முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. 1940 ஜனவரியில் போர்த்திட்டத் தாள்களோடு ஒரு ஜெர்மன் விமானம் பெல்ஜியத்தில் தவறி இறங்கிய மறுநாள், ஹிட்லர் அடிப்படை உத்தரவு ஒன்று போட்டார்: தன் வேலைக்குத் தேவையானதற்கு மேல் யாரும் தெரிந்துகொள்ளக் கூடாது, தேவைப்படும் நேரத்துக்கு முன்பாகவும் தெரிந்துகொள்ளக் கூடாது. அதை அலுவலகச் சுவர்களில் மாட்டி வைத்தார்கள். திருக்குறளில் மன்னரைச் சேர்ந்தொழுகல் என்ற எழுபதாம் அதிகாரத்திலும் ஒட்டுக்கேட்காதே, துருவாதே என்ற அறிவுரை உண்டு. நல்ல மன்னனுக்கு முன் அது நாகரிகம். கொலைகார அரசில் அதே நாகரிகம் எல்லோருக்கும் வசதியான திரையாகிவிட்டது.

திரை அவ்வளவு கனமானதும் இல்லை. 1941 டிசம்பர் 18 அன்று ஓநாய்க் கோட்டையில் ஹிட்லரைச் சந்தித்த எஸ்.எஸ். தலைவர் ஹிம்லர் தன் நாட்குறிப்பில், யூதர் பிரச்சினை என்ற தலைப்புக்கு எதிரே, கொரில்லாக்கள் என்ற பெயரில் ஒழித்துக்கட்ட வேண்டும் என்று பொருள்படச் சில சொற்களைக் குறித்து வைத்தார். அந்தச் சந்திப்பின்போது வாசலில் யார் நின்றார் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் ஹிம்லர் வருவதும் போவதும், எத்தனை நேரம் தனியாக இருந்தார்கள் என்பதும் அந்த வீட்டின் ஆட்களுக்குப் பழகிப்போன விஷயம். 1943-இல் பெர்க்ஹோஃபிலேயே ஒரு சம்பவம். வியன்னாவின் கட்சித் தலைவர் ஷீராக்கின் மனைவி ஹென்ரியெட்டே, ஆம்ஸ்டர்டாமில் யூதப் பெண்கள் இழுத்துச் செல்லப்படுவதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, எல்லோரும் கூடியிருந்த மாலையில் ஹிட்லரிடமே கேட்டுவிட்டார். அவர் சினந்து எழுந்தார், உணர்ச்சிவசப்படுவதாகக் கடிந்துகொண்டார். அந்தத் தம்பதியர் சீக்கிரமே மாளிகையைவிட்டுப் புறப்பட நேர்ந்தது. அறையில் இருந்தவர்கள் பேச்சை மாற்றினார்கள். கேள்வி கேட்கப்பட்டது என்பதும், கேட்டவர் திரும்ப அழைக்கப்படவில்லை என்பதும் வீடு முழுக்கத் தெரிந்தது. தெரியாது என்று பிற்பாடு சொன்னவர்களுக்கு, எதைக் கேட்கக் கூடாது என்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

கடைசி நாளை எல்லோரும் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1945 ஏப்ரல் 30 பிற்பகல் மூன்றரை மணி சுமாருக்கு, பெர்லின் பதுங்கு அறையில் ஹிட்லரும் முதல் நாள் அவருக்கு மனைவியான ஏவா பிரவுனும் தற்கொலை செய்துகொண்டார்கள். ஹிட்லரின் அந்தரங்கச் செயலர் மார்ட்டின் போர்மனோடு உள்ளே போனவர் லிங்கே. ஹிட்லரின் உடலைப் போர்வையில் சுற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோய், வாகன ஓட்டி கெம்ப்கா ஏற்பாடு செய்த பெட்ரோலை ஊற்றி எரித்தார்கள். உடல் எதிரி கையில் சிக்கக் கூடாது என்பது லிங்கேக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்த உத்தரவு. தனிப்பட்ட பொருட்களை அழிப்பதும் அவர் வேலைதான். யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், காயம் எப்படி இருந்தது என்ற நுணுக்கங்களில் அந்த அறைக்குள் போனவர்கள் பிற்காலத்தில் கொடுத்த வாக்குமூலங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போகின்றன. பீரங்கி முழக்கத்துக்கு நடுவே சில நிமிடங்கள் பார்த்ததைப் பத்தாண்டு கழித்தும் கேட்டுக்கொண்டே இருந்தால் அப்படித்தான் ஆகும்.

கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பது வெறும் பேச்சு இல்லை. பெர்லினைவிட்டுத் தப்பும் முயற்சியில் சோவியத் படையிடம் பிடிபட்ட லிங்கே மாஸ்கோவுக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி: ஹிட்லர் நிஜமாகவே செத்தாரா? விந்தை என்னவென்றால் சோவியத் உளவுப் பிரிவுக்கு 1945 மே மாதமே பதில் தெரியும். தோட்டத்தில் கிடைத்த தாடை எலும்பையும் பற்களையும் ஹிட்லரின் பல் மருத்துவருக்கு உதவியாளராக இருந்த கேத்தே ஹொய்சர்மன் அடையாளம் காட்டியிருந்தார். அவரையும் சிறைக்கே அனுப்பினார்கள். ஸ்டாலினோ ஜூலையில் போட்ஸ்டாம் மாநாட்டில் அமெரிக்கர்களிடம், ஹிட்லர் ஸ்பெயினிலோ அர்ஜென்டினாவிலோ இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1946-இல் லிங்கேயைப் பெர்லினுக்கே அழைத்து வந்து, அந்த அறையில் நடந்ததை மறுபடி நடித்துக்காட்டச் செய்தார்கள்.

விசாரணையில் லிங்கேயும் ஹிட்லரின் உதவியாளர் ஓட்டோ கூன்ஷேயும் சொன்னவற்றைத் தொகுத்து, 413 பக்கத் தட்டச்சுப் பிரதியாக 1949 டிசம்பர் 29 அன்று ஸ்டாலினிடம் சமர்ப்பித்தார்கள். ஒரு வாசகருக்காகத் தயாரான புத்தகம். ஸ்டாலின் தனக்கு எதிராளியாக இருந்தவரின் அன்றாடத்தை, சாப்பாடு, கோபம், நடுக்கம் எல்லாவற்றையும், அவருடைய பணியாளின் வாயிலாகத் தெரிந்துகொண்டார். அந்த வாசகருக்குப் பிடிக்காதது அதில் அடக்கி வாசிக்கப்பட்டது: 1939-இல் ஹிட்லரோடு போட்ட ஒப்பந்தத்தைப் பற்றி அதிகம் கிளற மாட்டார்கள். யூதப் படுகொலை பற்றியும் மிகக் குறைவு. ஆனால் ஓரிடத்தில், நச்சுவாயு அறைகள் தொடர்பாக ஹிம்லர் கொண்டுவந்த திட்டங்களில் ஹிட்லர் நேரடியாக அக்கறை காட்டினார் என்று வருகிறது. அந்தப் பிரதி ஆவணக் காப்பகத்தில் கிடந்து, 2005-இல்தான் ஜெர்மன் மொழியில் அச்சானது.

லிங்கேக்கு 25 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. மேற்கு ஜெர்மானிய சான்சலர் அடினாவர் 1955 செப்டம்பரில் மாஸ்கோ போய்ப் பேசியதன் விளைவாகப் போர்க் கைதிகள் விடுவிக்கப்பட்டபோது அவரும் ஊர் திரும்பினார். பத்திரிகைகள் பணத்தோடு காத்திருந்தன. 1956-இல் பெர்க்டெஸ்காடன் நீதிமன்றம் அடோல்ஃப் ஹிட்லர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவித்தபோது, லிங்கே, கூன்ஷே போன்றவர்களின் சாட்சியமே அதற்கு அடிப்படை. 1980-இல் லிங்கே இறந்தார். அவருடைய நினைவுக் குறிப்பு நூலும் அதே ஆண்டில் வெளியானது. முதலாளி மீதான மரியாதை கடைசிவரை குறையாத குரல் அதில் கேட்கிறது.

அவரோடு அதே பதுங்கு அறையில் இருந்த யுங்கே வேறு வழி போனார். கடைசி ஆண்டுகளில் அவர் ஓர் ஆவணப்படத்துக்குப் பேசினார். மியூனிக்கில் ஸோஃபி ஷோலின் நினைவுப் பலகையைப் பார்த்தது பற்றி அதில் சொல்கிறார். தன் வயதை ஒட்டிய பெண், நாஜி எதிர்ப்புத் துண்டறிக்கை விநியோகித்ததற்காக 1943 பிப்ரவரியில் தலை வெட்டப்பட்டவர். ஏறக்குறைய தான் ஹிட்லரிடம் வேலைக்குச் சேர்ந்த காலம் அது. இளமையைச் சாக்காகச் சொல்ல முடியாது, தெரிந்துகொள்ள வழி இருந்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்ததாம். படம் 2002-இல் முதன்முதலாகத் திரையிடப்பட்ட சில மணி நேரத்துக்குள்ளேயே அவர் இறந்துபோனார்.

லிங்கேயைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை, ஸ்டாலினுக்காகத் தயாரித்த பிரதியையும் 1980 நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது சிறைக்குள், அடிக்கும் உதைக்கும் பயந்து, விசாரணை அதிகாரிக்குப் பிடிக்கிற மாதிரி சொன்னது. இரண்டாவது, பழைய தோழர்கள் உயிரோடு இருக்கும் ஊரில், மேசை முன் உட்கார்ந்து எழுதியது. கண்ணாடி, மாத்திரை, தூக்க நேரம் இவற்றில் இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போகும். ஹிம்லர் பெயர் வரும் பக்கங்களுக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகப் புரட்டுங்கள்.